வாழும் ஊரும் வாக்காளர் பட்டியலும்

'ஊர்' என்னும் சொல்லுக்குத் தமிழில் உள்ள ஈர்ப்பு வேறு எச்சொல்லுக்கேனும் உண்டா என்பது ஐயமே. முதன்முதலாகச் சந்திக்கும் ஒருவரிடம் பெயரைக் கேட்கும் முன்பே 'தங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்பது நம் வழக்கம். சங்கப் புலவர் பலரை ஊர்ப்பெயரோடு சேர்த்தே இலக்கிய உலகம் அறிந்துள்ளது. பூங்குன்றத்தை நீக்கிக் கணியனை நினைக்க இயலாது. ஒக்கூரை நீக்கி மாசாத்தியாரை நினைக்க இயலாது. நம் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் தலையெழுத்துகளுள் ஒன்று பல வேளைகளில் ஊரின் எழுத்தாகவே இருக்கின்றது.

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களை எண்ணிப் பார்க்கலாம். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த அப்பெருமகனார், தம் வாழ்வின் பிற்பகுதியை வடசென்னையில் கழித்து, இராயபுரத்திலேயே அடக்கமானார். பிறந்த ஊர் அவர் பெயரில் நிலைத்தது. அவர் வாழ்ந்த பகுதியின் மக்களோ அவரைத் 'தொண்டியார்' என்று அன்புடன் அழைத்தனர். தண்டையார்பேட்டை என்னும் பெயரே அதனால் அமைந்தது என்று கூறுவோரும் உளர். பிறந்த ஊரைப் பெயரில் சுமப்பதும், வாழும் ஊரில் வேர் விடுவதும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இம்முன்னுரை எதற்கெனில், வாக்காளர் பட்டியல் நம்மிடம் கேட்கும் வினா 'எந்த ஊர்?' என்பதன்று, 'எங்கே வாழ்கின்றீர்?' என்பதே. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கருதியதால் யாம் ஒரு பிழை செய்தோம். அப்பிழையை மறைக்காமல் எடுத்துரைப்பது, நம் மாணவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

யாம் செய்த பிழை

யாம் இக்கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து பதினேழு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. எம் இல்வாழ்க்கை இந்நகரில்தான் அமைந்தது. பிள்ளைகள் இருவரும் இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்குச் செல்கின்றனர். எனினும் எம் பெயரும் எம் துணைவியார் பெயரும் எம் பிறந்த ஊரின் பட்டியலிலேயே இருந்து வந்தன. அதில் எமக்கு ஒருவகைப் பெருமிதமும் இருந்தது. தேர்தலுக்கு முதல்நாள் இரவு பேருந்தேறி, விடியற்காலையில் ஊர் சேர்ந்து, சுபுஹுத் தொழுகை முடித்து, வாப்பாவோடு வரிசையில் நின்ற நாள்கள் இனியவை. வாப்பாவின் மறைவுக்குப்பின் உம்மாவின் கைபிடித்து அழைத்துச் சென்றோம். 2021ஆம் ஆண்டின் இறுதியில் உம்மாவும் வஃபாத்தானார்கள். வீடு பூட்டப்பட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது, இளைய பிள்ளைக்குக் காய்ச்சல். யாம் ஊர் செல்லவில்லை. வாக்கும் அளிக்கவில்லை.

அதே ஆண்டு மழைக்காலத்தில் எம் தெருவின் கழிவுநீர் வாய்க்கால் அடைத்துக்கொண்டு வாசல்வரை நீர் ஏறியது. தெருவார் கூடி ஒரு மனு எழுத முடிவு செய்தனர். தமிழாசிரியர் என்பதால் எழுதும் பொறுப்பு எமக்கு வந்தது. எழுதி முடித்துக் கையெழுத்திட முனைந்தபோது, எதிர்வீட்டுப் பெரியவர் மெல்லக் கேட்டார்: "சார், உங்களுக்கு இந்த வார்டுல ஓட்டு இருக்கா?" இல்லை என்றோம். "அப்படின்னா நீங்க கையெழுத்துப் போட வேண்டாம் சார். ஓட்டு உள்ளவங்க போட்டாப் போதும், அப்பத்தான் அவங்க மதிப்பாங்க" என்றார்.

அப்பெரியவர் எம்மைப் புண்படுத்தக் கருதவில்லை. மனுவில் கையெழுத்திட வாக்குரிமை வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஆயினும் அவர் உலகியல் அறிந்தவர். எம் கையால் எழுதிய மனுவில் எம் பெயர் இல்லாமல் அது நகராட்சிக்குச் சென்றது. அன்றே யாம் விழித்திருக்க வேண்டும், விழிக்கவில்லை.

2025 நவம்பர் 4ஆம் நாள் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடுதோறும் படிவங்களைக் கொண்டு சென்றனர். எம் பிறந்த வீட்டில் அவர்களை எதிர்கொண்டது பூட்டு ஒன்றே. இந்நகரத்துப் பட்டியலில் எம் பெயர் இல்லாமையால், இங்குள்ள வீட்டிற்குப் படிவம் வரவில்லை. தேர்வுப் பணிகளைக் காரணம் காட்டி, 'அடுத்த வாரம் ஊர் சென்று பார்த்துக்கொள்வோம்' என்று ஒவ்வொரு வாரமும் ஒத்திவைத்தோம்.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளிவந்தது. ஏறத்தாழ 6 கோடியே 41 லட்சம் பெயர்கள் இருந்த தமிழகப் பட்டியல் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கியிருந்தது. நீங்கிய 97 லட்சத்துள் மறைந்தோர் பெயர்கள் ஏறத்தாழ 27 லட்சம். இருமுறை பதிவானவை 3 லட்சத்திற்கு மேல். எஞ்சிய 66 லட்சத்திற்கு மேற்பட்ட பெயர்கள், முகவரியில் இல்லாதோர், இடம்பெயர்ந்தோர் என்னும் வகையில் நீக்கப்பட்டவை. அந்த 66 லட்சத்துள் எம் பெயரும் ஒன்று.

முதலில் சினமே எழுந்தது. எம் பாட்டனாரும் பெற்றோரும் மையவாடியில் துயிலும் ஊரில், எம்மை 'இடம்பெயர்ந்தவர்' என்று எழுத இவர்கள் யார் என்று உள்ளம் கொதித்தது. இரண்டு நாள் கழித்தே தெளிவு பிறந்தது. அவ்வலுவலர் எழுதியதில் சொற்பிழையும் இல்லை, பொருட்பிழையும் இல்லை. யாம் இடம்பெயர்ந்தவரே. பதினேழு ஆண்டுகளாக அதனை ஒப்புக்கொள்ளாமல் இருந்தவரும் யாமே. விளைவு யாதெனில், பிறந்த ஊரிலும் எம் பெயர் இல்லை. வாழும் ஊரிலும் இல்லை. நாற்பது வயதைக் கடந்த, பிறர்க்குப் பாடம் சொல்லும் ஒருவர், தம் நாட்டின் பட்டியலில் எங்கும் இல்லாதவராக நின்றோம்.

நீக்கப்பட்டோர் அனைவரும் எம்மைப் போன்றவர் என்று யாம் சொல்ல வரவில்லை. கூலி வேலைக்குச் சென்ற நேரத்தில் வீடு பூட்டிக் கிடந்ததால் பெயர் இழந்தோரும் இருந்திருக்கக்கூடும். அவர் குறை வேறு. அதற்கு நீதி கேட்பதும் வேறு. யாம் இங்கே பேசுவது நம் கையால் நாமே தேடிக்கொள்ளும் இழப்பைப் பற்றியே.

சட்டம் கேட்பது யாது?

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தன் 19ஆம் பிரிவில் இரண்டே தகுதிகளைக் கேட்கின்றது. தகுதி நாளன்று பதினெட்டு வயது நிறைந்திருத்தல் ஒன்று. அத்தொகுதியில் வழக்கமாகக் குடியிருத்தல் மற்றொன்று. 'வழக்கமாகக் குடியிருத்தல்' என்பதன் விளக்கத்தை 20ஆம் பிரிவு தருகின்றது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதனால் மட்டுமே ஒருவர் அங்குக் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார். தற்காலிகமாக வெளியூர் சென்றதனால் மட்டுமே குடியிருப்பை இழந்தவரும் ஆகிவிடமாட்டார். எவ்வளவு நேர்மையான விளக்கம்! பூட்டிய வீட்டின் பத்திரத்தை அது மதிக்கவில்லை. புனிதப் பயணம் சென்றவரையும், மருத்துவமனையில் இருப்பவரையும் அது தள்ளிவிடவுமில்லை.

வீடே இல்லாதவரையும் சட்டம் கைவிடவில்லை. நடைபாதையில் உறங்கும் ஒருவர் விண்ணப்பித்தால், முகவரிக்கு ஆவணம் கேட்பதில்லை. அலுவலர் இரவு நேரத்தில் சென்று, அவர் அங்கே உறங்குகின்றாரா என்று பார்த்துவர வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. சட்டம் தேடுவது மாளிகையை அன்று. மனிதன் தலைசாய்க்கும் இடத்தை.

ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவு செய்துகொள்ளலாகாது. ஒரே தொகுதியில் இருமுறையும் பதிவு செய்துகொள்ளலாகாது. 17, 18ஆம் பிரிவுகள் இதனைக் கூறும். 'அங்கொன்று இருக்கட்டும், இங்கொன்று இருக்கட்டும்' என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். பொய்யென்று அறிந்தே உறுதிமொழி அளிப்போர்க்கு ஓராண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ விதிக்க 31ஆம் பிரிவு இடமளிக்கின்றது. தாம் விரும்பும் வேட்பாளர் வெல்ல வேண்டும் என்பதற்காக, வாழாத ஊரில் உறவினர் பெயர்களைச் சேர்க்கும் சிலரை நாம் கண்டிருக்கின்றோம். நன்னோக்கம் கூறி அதனை நியாயப்படுத்தலாகாது. வாழும் இடத்தில் பெயரைச் சேர்க்காமல் விடுவது சோம்பல்; வாழாத இடத்தில் சேர்ப்பது பொய்ச்சாட்சி.

இன்னொன்றையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில், 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் ஏற்பட்டன. அக்காலத்தில் வாக்களிக்கும் உரிமை சொத்தும் வரியும் கல்வியும் உடைய சிலர்க்கே இருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பு அவ்விரண்டையும் மாற்றியது. சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு எவரையும் விலக்காத ஒரே பொதுப் பட்டியலை 325ஆம் உறுப்பு வகுத்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையை 326ஆம் உறுப்பு வழங்கியது. இன்று வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் சமயத்தை எழுதப் பத்தி இல்லை; கதவிலக்கத்தை எழுதப் பத்தி உண்டு. அண்டை வீட்டாரோடு ஒரே தாளில், ஒரே எழுத்தளவில், நம் பெயரும் நிற்கின்றது. அத்தாளில் இடம்பெறுவதினும் உறுதியான அண்டை உறவு வேறொன்று உண்டா?

பயணியும் குடியிருப்பவரும்

பயணிக்கும் குடியிருப்பவர்க்கும் உள்ள வேறுபாடு நமக்குப் புதிதன்று. சிறுவயதில் மதரஸாவிலேயே கற்றோம். முஸாஃபிர் நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். முகீம் முழுமையாகத் தொழ வேண்டும். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க உறுதி கொண்டாலே முகீம் என்பர் ஹனஃபி மத்ஹபினர். நான்கு நாள் போதும் என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர். இங்குப் பயணிக்குச் சலுகை உண்டு. குடியிருப்பவர்க்குக் கடமை உண்டு. தங்கியவர், தாம் தங்கியிருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வணக்கத்தின் சட்டமும் வாக்கின் சட்டமும் ஒன்றென்று யாம் கூறவில்லை. எம் முரண்பாட்டை எமக்கு உணர்த்தியது இந்நினைவே என்பதற்காகச் சொல்கின்றோம். பதினேழு ஆண்டுகளாக இந்நகரப் பள்ளிவாசலில் முழுத் தொழுகை தொழுத யாம், வாக்கில் மட்டும் பயணியாகவே இருந்தோம். இவ்வூர்க் குழாய் நீரைக் குடித்தோம். இவ்வூர்த் தெருவிளக்கின் கீழ் நடந்தோம். இவ்வூரை ஆள்வோர் யார் என்பதில் மட்டும் பொறுப்பு இல்லை என்று ஒதுங்கினோம். உள்ளாட்சித் தேர்தலுக்குரிய பட்டியலும் சட்டமன்றத் தொகுதியின் பட்டியலை அடியொற்றியே வார்டு வாரியாக ஆக்கப்படுகின்றது. எனவே இங்குப் பெயரில்லாதவர் நாடாளுமன்றத்திற்கு மட்டுமன்று, தம் தெருவின் வாய்க்காலுக்கும் வாக்கில்லாதவர் ஆகின்றார்.

விடுதி மாணவர்க்கு

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கின்றீர்கள். உங்கள் வாக்கு எங்கே இருக்க வேண்டும் என்று எம்மிடம் கேட்டோர் உண்டு. சட்டநெறி உங்களுக்கு ஒரு தேர்வுரிமையை அளித்துள்ளது. ஏற்பளிக்கப்பட்ட கல்வி நிறுவனத்தில் ஓராண்டிற்குக் குறையாத பாடத்திட்டத்தில் பயிலும் மாணவர், பெற்றோருடன் பிறந்த ஊரிலும் பதிவு செய்யலாம். விடுதி முகவரியிலும் பதிவு செய்யலாம். விடுதி முகவரியைத் தேர்வோர் கல்லூரி முதல்வரின் சான்றினை இணைக்க வேண்டும்.

இரண்டில் எது சிறந்தது? எம் கருத்தை மறையாது கூறுவோம். மாதந்தோறும் வீடு செல்பவர், வாக்குப்பதிவு நாளன்று ஊர் செல்லத் தவறாதவர், பெற்றோரோடு பதிவு செய்வதே இயல்பு. ஆண்டிற்கு ஒருமுறை இருமுறை மட்டுமே ஊர் காண்பவர், பயணச் செலவிற்கு அஞ்சுபவர், படிப்பு முடிந்தும் இங்கேயே பணி தேட எண்ணுபவர் விடுதி முகவரியில் பதிவு செய்வது நன்று. எதைத் தேர்ந்தாலும் மெய்யாகத் தேர்ந்துகொள்ளுங்கள். தேராமல் இருப்பதுதான் பிழை.

'மூன்றாண்டு தங்கிச் செல்லும் விடுதிப் பிள்ளைகள் எங்கள் ஊரின் தேர்தலில் வாக்களிப்பதா?' என்று உள்ளூர்ப் பெரியோர் சிலர் வினவுவர். அவ்வினா வெறுக்கத்தக்கதன்று. ஆயினும் அப்பிள்ளைகள் இவ்வூர்க் கடைகளில் வாங்குகின்றனர். இவ்வூர்ப் பேருந்தில் செல்கின்றனர். இவ்வூர் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகின்றனர். வாக்குள்ள மாணவன் ஊரைப் பற்றி அறிய முயல்வான். வாக்கில்லாத மாணவன் ஊரை ஒரு தங்கும் விடுதியாகவே எண்ணிச் செல்வான். இவ்விருவருள் எவர் நல்ல விருந்தினர் என்பதைப் பெரியோரே எண்ணிப் பார்க்கட்டும்.

வாக்குரிமை வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது 61ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால். அது 1989ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆண்டிற்கு ஒரே தகுதி நாள், சனவரி முதல் நாள். 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின் சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாள்களும் தகுதி நாள்களாயின. பதினேழு வயது நிறைந்தோர் முன்கூட்டியே விண்ணப்பம் அளித்துவைக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. முதன்முதலாகப் பதிவு செய்வோர்க்குப் படிவம் 6. முன்பே பதிவு செய்து முகவரி மாறியோர்க்குப் படிவம் 8; பிழை திருத்தவும் அதுவே. வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருந்தாலன்றி வாக்களிக்க இயலாது. வேட்புமனுத் தாக்கலுக்குரிய இறுதி நேரம் கடந்தபின் பட்டியலில் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. வாக்குப்பதிவு நாளன்று சாவடி வாசலில் நின்று வாதிடுவதால் பயன் இல்லை.

பெண்டிர் பெயர்

1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலின் வரலாற்றில் நம் கண்ணைத் திறக்கும் செய்தி ஒன்று உண்டு. அத்தேர்தலுக்கு ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யப்பட்டனர். வட மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர் அயலாரிடம் தம் பெயரைக் கூற நாணி, 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்றே பதிவு செய்திருந்தனர். பெயரில்லாத ஒருவரை வாக்காளர் என்று ஏற்க இயலாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் தம் பெயரைத் தாமே கூறத் துணிய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அது வட மாநிலச் செய்தி என்று நாம் நகர்ந்துவிட முடியாது. நம் இல்லங்களிலும் முதிய பெண்டிரின் பெயர், ஓர் ஆவணத்தில் ஒருவாறும் மற்றோர் ஆவணத்தில் வேறொருவாறும் இருக்கின்றது. பீவி ஓரிடத்தில் பீ ஆகின்றது; மற்றோரிடத்தில் பேகம் ஆகின்றது. ஆடவர்க்கும் இது பொருந்தும். முகம்மது, முகமது, முஹம்மது, மொகமது என்று ஒரே பெயரை நால்வகையாக எழுதுகின்றோம். அரபுப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுவது பற்றி வகுப்பில் யாம் மணிக்கணக்கில் பேசியதுண்டு. எம் விண்ணப்பத்திற்காக 2002ஆம் ஆண்டின் பழைய பட்டியலைத் தேடியபோதுதான் அதன் நடைமுறைப் பொருள் விளங்கியது. ஒரே கதவிலக்கத்தின் கீழ் வாப்பா, உம்மா, யாம் என மூன்று வரிகள்! அதைக் கண்டு கண் கலங்கினோம். ஆனால் உம்மாவின் பெயர் அதில் ஒருவாறும் குடும்ப அட்டையில் வேறொருவாறும் இருந்தது. அவர்கள் உயிரோடிருந்த காலத்தில் ஒரு படிவத்தால் திருத்தியிருக்கலாம். மகன் தமிழாசிரியர், தாயின் பெயரோ பிழையோடு நின்றது.

திருமணத்தால் இடம் மாறுவோரும் கருத்தில் கொள்ள வேண்டும். மணமகள் கணவன் வீட்டிற்குச் செல்வது பெரும்பான்மை வழக்கு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலோ மணமகன் மணமகள் வீட்டிற்குச் சென்று வாழும் வழக்கம் உண்டு. யார் இடம் மாறினாலும், பட்டியலில் பெயரும் உடன் செல்ல வேண்டும். மகர் தொகையை எழுதி, சாட்சியரின் கையொப்பம் பெற்று, ஜமாஅத் பதிவேட்டில் திருமணத்தைப் பதியும் நாம், அதனை ஒட்டியே படிவம் 8ஐயும் நிரப்பிவிடலாம்.

கடல் கடந்தோர்

நம் கடலோர ஊர்களில் பிழைப்பிற்காகக் கடல் கடந்தவரைச் 'சபுராளி' என்று அழைப்பர். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. மலேயா சென்றோர்க்கு வழங்கிய அச்சொல் இன்று வளைகுடா சென்றோர்க்கும் பொருந்தும். வேறு நாட்டின் குடியுரிமை பெறாமல் அயல்நாட்டில் வாழும் இந்தியக் குடிமகன், தன் கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரியில் வாக்காளராகப் பதிவு செய்யும் உரிமை 2011ஆம் ஆண்டு முதல் உண்டு. அதற்குரியது படிவம் 6-ஏ. கடவுச்சீட்டோடு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும் என்பதால் பலர் இதில் ஆர்வம் காட்டுவதில்லை. ஆயினும் ஊரார் வாக்காளராகத் தம்மைப் பொய்யாகக் காட்டிக்கொள்வதினும், அயல்நாடு வாழ் வாக்காளராக மெய்யாகப் பதிவு செய்துகொள்வதே தகும்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

வீட்டு உரிமையாளர் சிலர், குடியிருப்பவரின் பெயர் தம் வீட்டு முகவரியில் பட்டியலில் ஏறினால் பின்னர் வீட்டிற்கே உரிமை கோருவர் என்று அஞ்சுகின்றனர். இவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை. வாக்காளர் பட்டியல் ஒருவர் எங்கே வாழ்கின்றார் என்பதைக் கூறுமேயன்றி, அவ்வீடு யாருடையது என்பதைக் கூறாது. வாடகைக்கு இருப்பவர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு விட்டு வீடு மாறுபவர். அவரைப் பதிய விடாமல் தடுப்பது, அவரைத் தம் நாட்டிலேயே எங்கும் இல்லாதவராக ஆக்குவதாகும். நம் சமுதாயப் பெரியோருள் வீடு உடையோர் பலர் உளர். அவர்கள் இதனைக் கருணையோடு எண்ண வேண்டுகின்றோம்.

ஜமாஅத்தார்க்கும் ஒரு சொல். பள்ளிவாசலின் சந்தாப் பேரேட்டில் ஒரு குடும்பம் விடுபட்டாலும் நாம் வருந்துகின்றோம். அதே அக்கறையோடு மஹல்லாவிலுள்ள ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று ஆண்டிற்கு ஒருமுறை பார்க்கலாம். எவர்க்கு வாக்களிப்பது என்பது பள்ளிவாசலின் வேலையன்று. அதனை ஒவ்வொருவரின் மனச்சான்றும் முடிவு செய்யும். பெயர் இருக்கின்றதா என்று பார்ப்பது மட்டும் பொதுப்பணி. தெருவில் உள்ள பிற சமயத்துக் குடும்பங்களின் பெயர்களையும் சேர்த்தே பார்த்துக் கொடுத்தால், அப்பணி இன்னும் சிறக்கும்.

ஒருவரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அத்தோடு முடிந்ததென்று எண்ண வேண்டா. வாக்காளர் பதிவு அலுவலரின் ஆணையை எதிர்த்துப் பதினைந்து நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். அவர் முடிவையும் ஏற்க இயலாதெனில் முப்பது நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரிடம் முறையிடலாம். நம் தமிழ்த்துறை மாணவர்கள் மனு எழுதக் கற்றவர்கள். படிவம் நிரப்ப அறியாத முதியோர்க்கு ஒரு பிற்பகலை ஒதுக்கித் தருவார்களாயின், கற்ற கல்விக்கு அதுவே நற்பயன்.

எம் கதையின் முடிவையும் கூறிவிடுகின்றோம். உறுதிமொழியோடு படிவம் 6ஐ நிரப்பி இந்நகர முகவரியில் அளித்தோம். 2026ஆம் ஆண்டில் எம் பெயரும் துணைவியார் பெயரும் இத்தெருவின் பட்டியலில் ஏறின. பிறந்த ஊரோடு எம் உறவு அறுந்துவிடவில்லை. பெற்றோரின் கபுறுகளைச் சந்திக்க இன்றும் செல்கின்றோம். எம் பெயரின் முதலெழுத்தாக அவ்வூர் என்றும் நிற்கும். அண்மையில் எம் தெருவிற்கு விளக்கு வேண்டி மீண்டும் ஒரு மனு எழுதும் வாய்ப்பு வந்தது. எழுதி முடித்தபின் எதிர்வீட்டுப் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. பேனாவை எம்மிடமே நீட்டினார்.

ஆகவே, அன்பிற்குரிய மாணவர்களே, இம்மலரை மூடிவைத்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் பெயர் எப்பட்டியலில், எக்கதவிலக்கத்தின் கீழ், எவ்வெழுத்தில் இருக்கின்றது என்று பாருங்கள். பின்னர் உங்கள் பெற்றோரின் பெயரையும் பாருங்கள். யாம் பதினேழு ஆண்டுகள் காலம் தாழ்த்தினோம். நீங்கள் ஒரு வாரமும் தாழ்த்தலாகாது.